ஒரு புள்ளியின் அமானிதம்

திருவள்ளூரிலிருந்து திருத்தணி நோக்கிச் செல்லும் பெருவழியில் திருப்பாச்சூர் என்னும் சிற்றூர் உள்ளது. ‘பாசு’ என்பது மூங்கிலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். மூங்கிற்காடாக இருந்த இடமாதலின் பாசூர் எனப் பெயர் பெற்றதென்பர். அப்பரும் சம்பந்தரும் பாடிய பழைய சிவாலயம் ஒன்றும், அதன் சுவர்களிலே வெட்டப்பட்ட தமிழ்க் கல்வெட்டுகளும் இவ்வூரின் தொன்மைக்குச் சான்றாக நிற்கின்றன. இவ்வூரில் மாலை நேரங்களில் சிறு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வரும் நமக்கு, இந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எழுதுகோலே நினைவுக்கு வரும். நாம் மதரஸாவில் கற்ற நாளில், மூங்கிற் சிம்பைச் சீவி, நுனியைச் சற்றே சாய்வாக வெட்டி, நடுவிலே ஒரு கீறல் கீறி எமது ஆசிரியர் எம் கையில் கொடுத்த ‘கலம்’தான் நாம் முதன்முதலாகப் பிடித்த எழுதுகோல். மூங்கில் ஊரிலேயே இன்று மூங்கிற் கலம் பிடிக்கும் பிள்ளை ஒருவரும் இல்லை. அது காலத்தின் போக்கு. அதற்காக நாம் வருந்துவதில்லை. ஆனால் கலத்தோடு கையெழுத்தும் போய்விடுமோ என்னும் கவலை நமக்கு உண்டு. அந்தக் கவலையை ஒரு நிகழ்ச்சி பெரிதாக்கிற்று.

ஒரு பழைய ஏடு

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், ஒரு நாள் மஃரிபுக்குப் பின் நம்மிடம் வந்தார். அவருடைய முன்னோர் தென்கரையோர ஊரினர். பிழைப்பை நாடி வடக்கே வந்த குடும்பம். கையிலே பழுப்பேறிய நோட்டுப்புத்தகம் ஒன்று இருந்தது.

“ஹஜ்ரத், இது எங்கள் உம்மாவின் பாட்டியார் எழுதி வைத்தது. அரபி எழுத்தாக இருக்கிறது. ஆனால் ஓதிப் பார்த்தால் அரபியாக இல்லை. எங்கள் வீட்டில் இதைப் படிக்க ஒருவருக்கும் தெரியவில்லை” என்றார்.

வாங்கிப் பார்த்தோம். அது அரபுத்தமிழ். தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தில் எழுதும் முறை. வீட்டுக் கணக்கு, மருந்துக் குறிப்பு, கொடுத்த கடன், வாங்கிய கைமாற்று, பிள்ளைகள் பிறந்த நாள் என ஓர் இல்லத்தின் வரலாறே அதில் இருந்தது. இளைஞர் அறிய விரும்பியது ஒரே ஒரு பக்கத்தை. அந்த அம்மையார் தம் இரு பெண்மக்களுக்கும் திருமணத்தின்போது கொடுத்தவற்றை அங்கே வரிசையாக எழுதியிருந்தார். செம்புப் பானை, அண்டா, கட்டில் என்று தொடரும் மூத்த மகளின் வரிசையிலே, ஒரு சொல்லில் நாம் நின்றோம். அது ‘மணை’யா, ‘மனை’யா?

மணை என்றால் உட்காரும் பலகை. மனை என்றால் வீடு கட்டும் நிலம். ஊரிலே அந்த அம்மையார் விட்டுச் சென்ற மனை ஒன்றைப் பற்றி மூத்த மகள் வழியாருக்கும் இளைய மகள் வழியாருக்கும் நெடுநாளைய மனத்தாங்கல் இருந்து வந்தது. நம்மிடம் வந்த இளைஞர் இளையவர் வழி. பானைக்கும் கட்டிலுக்கும் இடையே வருவதால் அது பலகையாகத்தான் இருக்கவேண்டும் என்று எண்ணி, நாமும் முதலில் ‘மணை’ என்றே வாசித்துவிட்டோம். இளைஞரின் முகம் மலர்ந்தது. ஆனால் விளக்கருகே கொண்டுசென்று மீண்டும் பார்த்தபோது நம் நெஞ்சு துணுக்குற்றது. அரபுத்தமிழில் நூன் என்னும் எழுத்துக்கு மேலே ஒரு புள்ளி இருந்தால் ‘ன’. அதற்குக் கீழேயும் ஒரு புள்ளி இட்டால் ‘ண’. அந்த எழுத்தின் கீழே புள்ளி இல்லை. அம்மையார் புள்ளியிட மறந்தாரா, அன்றி ‘மனை’ என்றேதான் எழுதினாரா?

“ஏட்டை ஒரு வாரம் நம்மிடம் விட்டுச் செல்லுங்கள், முழுவதும் படித்துவிட்டுச் சொல்கிறோம்” என்று கூறி அனுப்பினோம். அந்த ஒரு வாரத்தில் நாம் எண்ணிப் பார்த்த செய்திகளையே இங்கே வாசகர்முன் வைக்கிறோம்.

அரபு எழுத்தும் புள்ளியும்

புள்ளிக்காக மனிதன் பட்ட பாடு பெரிது. அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு இறங்கிய முதல் வசனங்களிலேயே இறைவன் எழுதுகோலைக் கொண்டு கற்பித்தது கூறப்படுகிறது. எழுதுகோலின் பெயராலேயே ஓர் அத்தியாயமும் திருமறையில் உண்டு. திருமறையின் மிக நீண்ட வசனமும் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதே. ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு (கி.பி. 624) நடந்த பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுதத் தெரிந்த சிலர், மதீனத்துச் சிறுவர் பதின்மருக்கு எழுதக் கற்பிப்பதையே மீட்புப் பணமாகக் கொண்டு விடுவிக்கப்பட்டனர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். பகைவரிடமிருந்தும் எழுத்தைக் கற்கலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனினும், அக்காலத்து அரபு எழுத்தில் இன்று நாம் காணும் புள்ளிகளும் உயிர்க்குறிகளும் பெரும்பாலும் இல்லை. பே, தே, ஸே, நூன், யே ஆகிய எழுத்துகள் சொல்லின் இடையே வரும்போது ஒரே பல்லாகவே தோன்றும். மொழி தாய்ப்பாலோடு வந்த அரபியருக்கு அது தடையாகவில்லை. இஸ்லாம் பாரசீகத்திலும் பிற நாடுகளிலும் பரவி, பிறமொழியாளர் ஓதத் தொடங்கியபோதே இடர் தோன்றியது. பஸராவில் வாழ்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ (மறைவு ஹிஜ்ரி 69), ஒருவர் ஓர் உயிரொலியை மாற்றி ஓதியதால் வசனத்தின் பொருளே தலைகீழாவதைக் கேட்டுத் திடுக்கிட்டார் என்பர். அவர் ஓர் எழுத்தரை அமர்த்தி, தாம் ஓதும்போது தம் இதழ்களைக் கவனிக்கச் சொன்னார். இதழ் விரிந்தால் எழுத்தின் மேலே ஒரு புள்ளி, தாழ்ந்தால் கீழே ஒரு புள்ளி, குவிந்தால் முன்னே ஒரு புள்ளி என வேறு நிற மையால் இடச் செய்தார். உயிர்க்குறிகளின் தொடக்கம் அதுவே.

பின்னர், ஹஜ்ஜாஜ் இராக்கின் ஆளுநராக இருந்த காலத்தில் (கி.பி. 694–714) நஸ்ரு இப்னு ஆஸிம் முதலியோர் ஒத்த வடிவ எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் புள்ளிகளை ஒழுங்குபடுத்தினர் என்பர். இப்போது இருவகைப் புள்ளிகள் கண்ணைக் குழப்பின. அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர், எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இலக்கண மேதை கலீல் இப்னு அஹ்மத். உயிர்ப்புள்ளிகளை நீக்கிவிட்டு, இன்று நம் பிள்ளைகள் ‘ஸபர், ஸேர், பேஷ்’ என்று ஓதும் சிறு கோடுகளையும் வளைவையும் அமைத்தார். ஆக, ஒரு சிறுவன் இன்று அலிஃப்-பே ஏட்டிலே எளிதாக ஓதிச் செல்லும் ஒவ்வொரு குறியின் பின்னும் தலைமுறைகளின் உழைப்பு நிற்கிறது.

தமிழும் அதே வழியில்

இந்த இடர்ப்பாடு அரபுக்கு மட்டுமே உரியதென்று எண்ணற்க. நம் தாய்மொழியாம் தமிழும் புள்ளியினால் இதே துன்பத்தைப் பட்டது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்றும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் விதித்தது. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் எழுதுவோர் என் செய்வர்? புள்ளியை அழுத்திக் குத்தினால் ஓலை கிழியும். ஆகவே எழுதுவோர் புள்ளியைக் கைவிட்டனர். கல்லில் வெட்டியோரும் பெரும்பாலும் அவ்வாறே விட்டனர். பழைய கல்வெட்டுகளைப் படிப்போர் எது மெய், எது உயிர்மெய் என்று இடம்நோக்கியே துணிய வேண்டியுள்ளது.

இதனால் விளைந்த தொல்லை சிறிதன்று. எகரமும் ஏகாரமும் ஒன்றாயின. ஒகரமும் ஓகாரமும் ஒன்றாயின. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவாயின. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுவதற்கு முன் ஓலைச் சுவடிகளோடு பட்ட பாட்டிற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு சொல்லைத் துணிவதற்குப் பல பிரதிகளை ஒப்புநோக்க வேண்டியிருந்தது.

இந்தக் குழப்பத்தில் ஒரு பகுதியைத் தீர்த்தவர் இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680–1747). குறிலுக்குப் புள்ளியிடும் பழைய விதி கைவிடப்பட்டு விட்டதால், நெடிலுக்கு வேறு வடிவம் கொடுத்தார். இன்று நாம் ‘ஏ’ என்னும் எழுத்தின் கீழே இழுக்கும் கோடும், ‘கே’ என்பதில் இடும் இரட்டைச் சுழிக் கொம்பும் அவ்வாறு வந்தவையே. அரபு எழுத்தைப் பிறமொழியாளர் பொருட்டுச் சீர்செய்ததும், தமிழ் எழுத்தைப் பிறமொழியாளர் ஒருவரே வந்து சீர்செய்ததும் எண்ணத்தக்கன. வழிப்போக்கன் தடுக்கி விழும் கல்லை வீட்டுக்காரன் நெடுநாள் காண்பதில்லை.

எழுத்து அதன் பின்னும் மாறியே வந்தது. தமிழ்நாட்டு அரசு 1978-இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன் ‘ணா, றா, னா’ ஆகியவை சுழித்த ஒற்றை வடிவங்களாக இருந்தன. ‘ணை, லை, ளை, னை’ ஆகியவற்றின் மேலே ஒரு கொம்பு வளைந்து நின்றது. நம் வயதினர் பலருக்குப் பழைய வடிவமே கையில் படிந்தது. பிள்ளைகளுக்கோ அது விளங்குவதில்லை. தந்தையின் கடிதத்தை மகன் தடுமாறிப் படிக்கும் நிலைக்கு ஒரு தலைமுறையே போதுமானதாயிற்று.

அரபுத்தமிழ் என்னும் பாலம்

அரபையும் தமிழையும் ஒரே எழுதுகோலில் இணைத்தவர்கள் நம் முன்னோர். அரபு எழுத்துகள் 28. அவற்றில் ‘ப, ட, ண, ழ, ங, ஞ’ முதலிய தமிழொலிகளுக்கு இடமில்லை. முன்னோர் என் செய்தனர்? புதிய எழுத்துகளைத் தேடி எங்கும் செல்லவில்லை. இருக்கும் எழுத்துகளுக்கே கூடுதலாகப் புள்ளிகள் இட்டனர். ஃபே எழுத்தின் கீழே புள்ளியிட்டு ‘ப’ ஆக்கினர். தாலின் கீழே புள்ளியிட்டு ‘ட’ ஆக்கினர். நூனின் கீழே புள்ளியிட்டு ‘ண’ ஆக்கினர். அரபில் இல்லாத எகர ஒகரங்களுக்கும் குறிகள் கண்டனர். அரபு ஓதத் தெரிந்த எவரும் இந்தச் சில புள்ளிகளைக் கற்றுக்கொண்டால் தமிழ் நூல்களைப் படித்துவிடலாம்.

இதன் பயனை மிகுதியாகப் பெற்றவர்கள் பெண்கள். பள்ளிக்கூடம் செல்லாத காலத்திலும் திருக்குர்ஆன் ஓதக் கற்ற பெண்கள், அதே எழுத்தின் வழியே மார்க்கச் சட்டமும் வரலாறும் மருத்துவமும் படித்தனர். காயல்பட்டினத்தில் 1816-இல் பிறந்து, கீழக்கரையில் வாழ்ந்து, 1898-இல் மறைந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் நூல்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் இல்லங்கள் தோறும் ஓதப்பெற்றன. இத்தகைய நூல்கள் கல்லச்சில் பதிக்கப்பட்டன. 1796-ஆம் ஆண்டளவில் ஜெர்மானியரான செனெஃபெல்டர் கண்டறிந்த அந்த முறையில், ஈய எழுத்துகளைக் கோக்க வேண்டியதில்லை. எழுத்தர் தம் கையால் எழுதியதே கல்லில் படிந்து ஆயிரக்கணக்கில் அச்சாகும். ஆகவே நம் பாட்டிமார் படித்த கிதாபுகள், அச்சு நூல்களாயினும், யாரோ ஒரு காதிபின் கையெழுத்தே ஆகும்.

இன்றோ, அந்தக் கிதாபுகளும் ஏடுகளும் நம் வீட்டுப் பரண்களில் உள்ளன. படிப்பார் இல்லை. அரபு எழுத்தாயிற்றே என்னும் கண்ணியத்தால் குப்பையில் போடுவதில்லை. கிணற்றிலோ ஆற்றிலோ இட்டுவிடுகிறோம், அல்லது புதைத்துவிடுகிறோம். கண்ணியம் காத்தோம், கருத்தை இழந்தோம்.

அழகு எங்கிருந்து வருகிறது?

கையெழுத்துக் கோணலான பிள்ளையைப் பார்த்து, “அவனுக்கு அது பிறவியில் வரவில்லை” என்று சொல்லும் பெற்றோர் பலர். இக்கூற்று தவறு என்பதை வரலாறு காட்டும்.

பக்தாதில் பிறந்த இப்னு முக்லா (கி.பி. 886–940) அப்பாஸியக் கலீபாக்கள் மூவருக்கு அமைச்சராக இருந்தவர். அவர் எழுத்துக்கு அளவு கண்டார். கலத்தின் நுனியை அழுத்தி எடுத்தால் தாளில் விழும் சாய்சதுரப் புள்ளியே அவருடைய அளவுகோல். அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி. அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட ஒரு வட்டம். மற்ற எழுத்துகளின் வளைவுகள் யாவும் அந்த வட்டத்தின் பகுதிகள். இவ்வாறு, கையின் மனம்போன போக்காக இருந்த எழுத்து, கணக்கிற்குள் வந்தது. எவரும் கற்கலாம், எவரும் தம் பிழையைத் தாமே அளந்து காணலாம் என்றாயிற்று. அரசியற் பகையால் அவருடைய வலக்கை வெட்டப்பட்டது. வெட்டுண்ட கையில் கலத்தைக் கட்டிக்கொண்டு அவர் எழுதினார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். சிறையிலேயே உயிர் நீத்தார்.

அவருடைய முறையை மெருகேற்றியவர் இப்னுல் பவ்வாப் (மறைவு 1022). அப்பெயருக்கு ‘வாயிற்காவலரின் மகன்’ என்று பொருள். ஹிஜ்ரி 391-இல் அவர் எழுதிய திருக்குர்ஆன் பிரதி, இன்று அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரிலுள்ள செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. அமைச்சர் கண்ட கலையைக் காவலர் மகன் நிறைவு செய்தார். எழுத்தழகு பிறப்பால் வருவதாயின் இது எங்ஙனம் நிகழும்?

இப்னு கல்தூன் (1332–1406) தமது முகத்திமாவில் எழுத்தைத் தச்சு, நெசவு போன்ற கைத்தொழில்களோடு சேர்த்தே பேசுகிறார். நகர வாழ்வு செழித்த இடத்தில் எழுத்தும் செழிக்கும், அது தளர்ந்தால் எழுத்தும் தளரும் என்பது அவர் கருத்து. எகிப்தில் ஆசிரியர்கள் ஒவ்வோர் எழுத்தையும் அதற்குரிய விதியோடு தனித்தனியே பயிற்றினர் என்றும், தம் மேற்கு நாட்டிலோ முழுச் சொற்களைப் பார்த்து எழுத வைத்தனர் என்றும் அவர் குறிக்கிறார். முன்னைய முறையே கையில் உறுதியாகப் பதியும் என்பது அவர் கண்டது. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் அவர் சொன்னதை நாமும் நம் பிள்ளைகளிடம் கண்டு வருகிறோம்.

திருவல்லிக்கேணியின் கலம்

எழுத்தைத் தொழிலாகக் கொண்டோர் நம் சென்னையிலேயே உளர். 1927-ஆம் ஆண்டு சையித் அஸ்மத்துல்லாஹ் என்பவர் ‘முஸல்மான்’ என்னும் உருது நாளிதழைத் தொடங்கினார். அவ்வாண்டு சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் அன்சாரி அவர்கள் அதனைத் தொடங்கி வைத்தார். திருவல்லிக்கேணியில், வாலாஜா பள்ளிவாசலுக்கு அருகே அதன் அலுவலகம். நான்கு பக்கங்களும் காதிபுகளால் கையால் எழுதப்பெற்று, படமெடுத்துத் தகடாக்கி அச்சிடப்பட்டன. காதிபுகளுள் பெண்களும் இருந்தனர். ஒரு பக்கம் எழுத ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். பெரும்பிழை நேர்ந்தால் பக்கம் முழுவதையும் மீண்டும் எழுதவேண்டும். கடைசி நேரச் செய்திக்காக முதற் பக்கத்தில் ஒரு மூலையை ஒழித்து வைப்பர்.

உருதுவின் நஸ்தஅலீக் எழுத்து, சொல்தோறும் மேலிருந்து கீழாகச் சரிந்து வருவது. அதை ஈய எழுத்தில் கோப்பது எளிதன்று. ஆகவே 1981-இல் லாகூரின் ‘ஜங்’ நாளிதழ் கணிப்பொறி எழுத்தைக் கைக்கொள்ளும் வரை, உருதுப் பத்திரிகை உலகம் காதிபுகளின் விரல்களையே நம்பியிருந்தது. 1994-இல் தில்லியில் ‘இன்பேஜ்’ மென்பொருள் வந்தபின் மற்றவர் யாவரும் மாறினர், முஸல்மான் மாறவில்லை. நிறுவனரின் மகன் சையித் ஃபஸ்லுல்லாஹ் 2008-இல் மறையும் வரை கையெழுத்திலேயே அதை நடத்தினார். அவருக்குப் பின் அவர் மகனும் அவ்வழியே தொடர்ந்தார். உலகில் கையால் எழுதப்படும் கடைசி நாளிதழ் என்று பல நாட்டாரும் வந்து வியந்து எழுதினர். அரபு எழுத்துக்கலை 2021-இல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உலகம் போற்றும் கலை நம் வாயிலிலேயே இருந்தும், நம்மில் எத்தனை பேர் அந்தத் தெருவில் ஒரு முறை நின்று பார்த்தோம்?

பிள்ளைகளின் கைக்கு என்ன வழி?

“எல்லாம் கைப்பேசியிலே அடிக்கும் காலத்தில் கையெழுத்து எதற்கு?” என்று கேட்பர். மருத்துவர்கள் மருந்தின் பெயரைத் தெளிவாகவும், இயன்றவரை பெரிய எழுத்துகளிலும் எழுதவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதி செய்யவேண்டி வந்தது ஏன்? தேர்வறையில் நம் பிள்ளைகள் இன்னும் பேனாவால்தானே எழுதுகின்றனர்? நம் பகுதித் தொழிற்சாலைகளில் பணியாற்றும் அன்பர் ஒருவர் சொன்னார்: இரவு ஷிப்டுக்காரர் பதிவேட்டில் எழுதிய 1, காலை ஷிப்டுக்காரர் கண்ணுக்கு 7 ஆகத் தெரிந்தால், அதன் விளைவை இயந்திரமும் மனிதரும் சேர்ந்தே அனுபவிக்க வேண்டும் என்று.

அழகிய எழுத்தை நாடுவதற்கு முன், மயங்காத எழுத்தை நாடவேண்டும். நாம் பிள்ளைகளிடம் கையாளும் முறை எளியது. முதலில், பிள்ளை எழுதிய பக்கத்தை எடுத்து, எந்தெந்த எழுத்துகள் ஒன்றையொன்று மயக்குகின்றன என்று அவனையே வட்டமிடச் செய்வோம். ரகரமும் துணைக்காலும், எகரமும் ஏகாரமும், இரு சுழி னகரமும் மூன்று சுழி ணகரமும் பெரும்பாலும் அதில் அகப்படும். பத்து எழுத்துகளுக்கு மேல் இரா. பிழை எழுத்து முழுவதிலும் இல்லை, இந்தச் சிலவற்றில்தான் என்று அறிந்தவுடன் பிள்ளைக்குத் துணிவு பிறக்கும்.

அடுத்து, நாளொன்றுக்கு ஓர் எழுத்து. இரட்டைக்கோடிட்ட தாளில், மெல்ல, ஒரே அளவில் இரண்டு வரிகள். வேகம் தானே வரும். அதைத் தேடக் கூடாது. இப்னு முக்லாவின் புள்ளி அளவு இங்கும் உதவும்: ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் இடையே ஓர் எழுத்தின் அகலம் இடம் விடுக என்றால் பிள்ளைக்கு விளங்கும். பேனாவை இறுகப் பிடிக்கும் பிள்ளைக்கு விரல் வலிக்கும். வலிக்கும் விரல் சுழியைச் சுருக்கும். ஆகவே பிடியைத் தளர்த்தி, முழங்கையை மேசைமேல் ஊன்றி, தாளைச் சற்றே சாய்த்து வைக்கப் பழக்க வேண்டும். புள்ளியையும் கொம்பையும் சொல் முடிந்ததும் உடனே இடவேண்டும். பிறகு இடலாம் என்று விட்ட புள்ளி பெரும்பாலும் விடுபட்ட புள்ளியே. நாள்தோறும் கால்மணி நேரம் போதும். மூன்று மாதத்தில் பிள்ளையின் ஏட்டைப் பெற்றோரே அடையாளம் காணமாட்டார்.

இறுதியாக ஒன்று. வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ அரபுத்தமிழ் அறிந்தவராக இருந்தால், பிள்ளையை அவரருகே அமர்த்தி அந்தச் சில புள்ளிகளையும் கற்கச் செய்யுங்கள். ஓதத் தெரிந்த பிள்ளைக்கு அது சில நாள் வேலை. அதனால் பரண்மேல் உள்ள ஏடு ஊமையாவது தவிரும்.

மீண்டும் அந்த ஏடு

ஒரு வாரமும் அந்த அம்மையாரின் ஏட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தோம். எண்ணெய், கிண்ணம், பணம், ஆண்டு, கண் என ணகரம் வரும் சொல் எதுவாயினும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். ஓரிடத்திலேனும் கீழ்ப்புள்ளியை அவர் விடவில்லை. காய்ச்சலில் எழுதியதாக அவரே குறித்த பக்கத்தில் வரிகள் கோணியிருந்தன. ஆனால் புள்ளிகள் அங்கும் தத்தம் இடத்தில் இருந்தன. இத்தகைய கை, ஓரிடத்தில் மட்டும் மறந்தது என்று சொல்ல நமக்கு நியாயம் இல்லை. அவர் எழுதியது ‘மனை’தான். தென்கரையோர ஊர்களில் பெண்மக்களுக்கு வீடும் மனையும் கொடுப்பது வழக்கமே ஆதலின், பொருளாலும் அது பொருந்திற்று.

இளைஞர் வந்தார். நாம் முதலில் வாசித்தது தவறு என்று ஒப்புக்கொண்டு, பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. அந்த மனை இப்போது அவருடைய வழியாரின் கையில் இருந்தது. பின்னர்ச் சொன்னார்:

“ஹஜ்ரத், இத்தனை இடத்தில் புள்ளி வைத்தவர், இந்த இடத்தில் வைக்கவில்லை என்றால் வைக்கவில்லைதான். உம்மாவிடம் சொல்கிறேன்.”

ஏடு நீதிமன்றத்தில் பத்திரமாகாது என்பதை நாம் அறிவோம், அவரும் அறிவார். ஆயினும் இரு வழியாரும் கூடிப் பேசி, மூத்தவர் வழிக்கே அந்த மனை உரியதென ஒப்பினர் என்று சில மாதங்களுக்குப் பின் செய்தி வந்தது. நெடுநாள் நின்றிருந்த போக்குவரத்தும் அதனோடு மீண்டது.

பள்ளிக்கூடமே காணாத ஓர் அம்மையார், அடுக்களை வேலைக்கிடையே, தம் எழுத்தைப் பின்னர் யார் படிக்கப் போகிறார் என்று அறியாமலேயே ஒவ்வொரு புள்ளியையும் அதனதன் இடத்தில் வைத்தார். அவர் எழுத்தில் அணியும் வளைவும் இல்லை. அளவும் ஒழுங்கும் இருந்தன. அதனால் அவர் மறைந்து நெடுங்காலம் கழிந்தும் அவர் சொல் நம்பப்பட்டது. எழுத்து என்பது எழுதுவோர் படிப்போரிடம் ஒப்படைக்கும் அமானிதம். அதில் ஒரு புள்ளி குறைந்தாலும் யாரோ ஒருவருடைய உரிமை குறையலாம்.

இன்றிரவு உங்கள் பிள்ளையின் ஏட்டை ஒரு முறை வாங்கிப் பாருங்கள். பரணிலே பழைய ஏடு இருந்தால் அதையும் இறக்கிப் பாருங்கள். எழுதுகோலைக் கொண்டு கற்பித்த இறைவன், நம் மக்களின் விரல்களுக்கு நேர்மையையும் தெளிவையும் அருள்வானாக. ஆமீன்.